கல்லுக்குள் என்ன இருக்கிறது?

(மறுகூடல் விழாவின் காலை அமர்வில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



நான் 1972 முதல் 1975 வரை இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஜியாலஜி படித்தவன். தமிழில் நிலவியல் என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியவர், "நிலாவைப் பத்தின படிப்பாடா தம்பி?" என்று கேட்டார். "இல்லீங்க தாத்தா, கல்லைப் பத்தின படிப்பு" என்றேன். "கல்லைப் பத்திப் படிக்கறதுக்கு என்னடா இருக்குது?" என்றார். (சிரிப்பு) அவருக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு 36 வருஷம் அரசுப் பணியில் கல்லையே பார்த்து, 2014-இல் ஓய்வு பெற்றேன். இப்போது கொஞ்சம் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

செயலாளர் நண்பர் போனில், "லேசான விஷயமாப் பேசுங்க சார்" என்றார். கல்லைப் பற்றி லேசாகப் பேசுவது கஷ்டம். ஆனாலும் முயற்சி செய்கிறேன். கடைசியில் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசை மேல் ஐந்து பொருள்கள்

கனிமம் என்றால் என்ன? மினரல் வாட்டர் குடிக்கிறோம். டாக்டர் மினரல்ஸ் மாத்திரை எழுதித் தருகிறார். பேப்பரில் கனிமவளக் கொள்ளை என்று படிக்கிறோம். எல்லாவற்றிலும் அதே சொல்தான் வருகிறது. ஆனால் பொருள் ஒன்றல்ல.

முதல் வருஷம், முதல் வகுப்பு. எங்கள் பேராசிரியர் மேசை மேல் ஐந்து பொருள்களை வைத்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இந்துப்புக் கட்டி ஒன்று. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து தூக்குப்போணியில் வாங்கிவரச் செய்த ஐஸ்கட்டி ஒன்று. நிலக்கரித் துண்டு, உடைந்த கண்ணாடிச் சில்லு, மோதிரத்திலிருந்து கழற்றிய முத்து. "இதிலே எதெல்லாம் கனிமம்? கை தூக்குங்கள்" என்றார். நாங்கள் ஐந்துக்கும் தூக்கினோம்.

அவர் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். இந்துப்பு பூமிக்குள் தானாகப் படிந்தது. சோடியமும் குளோரினும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், சதுரங்கப் பலகையில் கறுப்புக்கட்டமும் வெள்ளைக்கட்டமும் மாறி மாறி வருவதுபோல அடுக்கப்பட்டது. எனவே அது கனிமம். ஐஸ்கட்டியின் கதை வேறு. ஆலங்கட்டி மழையில் விழுந்திருந்தால் அது கனிமம். ஃபேக்டரியில் செய்ததால் இல்லை. நிலக்கரி செடிகொடிகள் மக்கி உண்டானது. அதற்கு நிலையான சேர்மானம் கிடையாது, உள்ளே ஒழுங்கான அடுக்கும் கிடையாது. அது பாறை வகை, கனிமம் அல்ல. முத்துக்குள் இருக்கும் அரகோனைட் என்ற பொருள் பாறையில் உண்டானால் கனிமம். சிப்பி தன் உடம்புக்குள் செய்ததால் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணாடி மனிதன் செய்தது என்பதோடு, அதன் அணுக்கள் வரிசையில் நிற்பதும் இல்லை. எனவே அதுவும் கனிமம் அல்ல.

ஆக, ஐந்தில் ஒன்றுதான் தேறியது. பிறகு கரும்பலகையில் ஐந்து நிபந்தனைகள் எழுதினார். இயற்கையில் உண்டாகியிருக்க வேண்டும். திடப்பொருளாக இருக்க வேண்டும். உயிரினத்தின் உடம்பில் செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது. குறிப்பிட்ட வேதியியல் சேர்மானம் வேண்டும். அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாதரசம் மட்டும் திரவமாக இருந்தாலும் பழைய வழக்கப்படி கனிமப் பட்டியலில் இருக்கிறது. குடும்ப விருந்தில் ஒரு தூரத்து உறவுக்கும் இலை போடுவதில்லையா, அதுபோல. (சிரிப்பு)

இந்த நிபந்தனைகளின்படி உலகத்தில் இதுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட கனிமங்கள் 6,000-க்கும் மேல். அவற்றில் நீங்களும் நானும் தினமும் காலால் மிதிப்பது சில பத்துகள்தான்.

கல் வேறு, கனிமம் வேறு என்பதையும் அன்றே சொன்னார். "பாறை என்பது மிக்சர் பொட்டலம். அதிலே இருக்கிற ஓமப்பொடி, பூந்தி, கடலை இதெல்லாம்தான் கனிமம்." இன்றுவரை என் பேரப்பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்கிறேன். கிரானைட் கல் ஒன்றை எடுத்து வெயிலில் பாருங்கள். கண்ணாடிபோல் சாம்பல் நிறத்தில் தெரிவது குவார்ட்ஸ். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ஸ்பார். மினுக்குவது மைக்கா, அதாவது நம் ஊர் காக்காப்பொன். மூன்றும் சேர்ந்த மிக்சர்தான் கிரானைட்.

எதனால் ஆனது?

இப்போது அடுத்த கேள்வி. இந்தக் கனிமங்கள் எதனால் ஆனவை?

நாம் நிற்கிற பூமியின் மேலோட்டை எடை போட்டுப் பிரித்தால் சுமார் 46 சதவீதம் ஆக்சிஜன். ஆமாம், நாம் மூச்சுவிடுகிற அதே ஆக்சிஜன். மலை என்று நாம் பார்ப்பதில் கிட்டத்தட்டப் பாதி எடை அதுதான். அடுத்து சிலிக்கான், சுமார் 28 சதவீதம். அலுமினியம் 8, இரும்பு 5. பிறகு கால்சியம், சோடியம், பொட்டாசியம், மக்னீசியம். இந்த எட்டும் சேர்ந்தால் 98 சதவீதம் முடிந்தது. தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம், யுரேனியம் என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் மிச்சமிருக்கும் அந்தச் சிட்டிகையில்தான் அடக்கம்.

எட்டுச் சாமான் வைத்துக்கொண்டு இயற்கை எப்படி இத்தனை வகை சமைத்தது? நம் வீட்டில் அரிசியும் உளுந்தும் இரண்டே சாமான். இட்லி, தோசை, பணியாரம், ஆப்பம் எல்லாம் வருகிறதல்லவா? சேர்மானம் ஒன்றுதான், பக்குவம் வேறு.

கனிமத்தில் அந்தப் பக்குவத்துக்குப் பெயர் அடுக்கு. மூன்று லட்டுகளை ஒட்டி வைத்து, மேலே ஒரு லட்டு வையுங்கள். நடுவிலே ஒரு சின்ன இடுக்கு இருக்கும். அதிலே ஒரு மிளகை வையுங்கள். லட்டு ஆக்சிஜன், மிளகு சிலிக்கான். இந்த நாலு லட்டு, ஒரு மிளகுக் கட்டுதான் பூமியின் செங்கல். மேலோட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தச் செங்கல்லால் கட்டிய கனிமங்கள்தான்.

செங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்று, இடையில் இரும்போ மக்னீசியமோ பிடித்துக்கொண்டிருந்தால் அது கார்னெட். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் மணல் சிவப்பாகத் தெரிகிறதே, அந்தச் செம்மணல். ஆறு செங்கற்கள் கைகோத்து வளையமாக நின்றால் பெரில். காங்கயம் பக்கம் படியூரில் கிடைத்த நீலப் பச்சைக் கல் அந்த வகைதான். கொடுமணல் அகழாய்வில் அதன் மணிகள் கிடைத்திருக்கின்றன. ரோமாபுரிக்குக் கப்பல் ஏறிய கல் அது.

சங்கிலியாக நீண்டால் பைராக்சீன் வகை. பல்லாவரம் மலையின் கறுங்கல்லில் அது இருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு அந்தக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள். அதை 1893-இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, கல்லுக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்துவிட்டார். நம் ஊர்க் கல்லுக்கு, கல்கத்தாவில் புதைக்கப்பட்டவர் பெயர்.

தகடாகப் பரந்தால் காக்காப்பொன். அதனால்தான் அது தாள் தாளாக உரிகிறது. களிமண்ணும் தகடுதான். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். குயவர் கையில் அது வளைவது அதனால்தான்.

நாலு பக்கமும், மேலும் கீழும், எல்லாச் செங்கற்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்? அதுதான் குவார்ட்ஸ். ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்சிஜன், வேறு எதுவும் இல்லை. எந்தப் பக்கமும் உரிக்க முடியாது, கத்தியால் கீற முடியாது. 1812-இல் மோஸ் என்பவர் போட்ட கடினத்தன்மை அளவில் 10-க்கு 7. நம் ஊரில் வெங்கச்சாங்கல் என்போம். சின்ன வயசில் ராத்திரி போர்வைக்குள் இரண்டு கல்லை வைத்து உரசி வெளிச்சம் பார்த்திருக்கிறீர்களா? கை தூக்குங்கள் பார்க்கலாம். (பலர் கை தூக்குகின்றனர்) கருகின வாசனை வருமே, அந்தக் கல்தான்.

சேர்மானம் பாதி, அடுக்கு பாதி என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் வைரமும் பென்சில் கரியும். இரண்டும் வெறும் கார்பன்தான். நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் வைரம். தகடு தகடாக நின்றால் கிராஃபைட். சிவகங்கையில் வெட்டி எடுப்பது இரண்டாவது வகை. முதல் வகை அங்கே கிடைத்திருந்தால் நம் சங்கத்தில் அந்தப் பக்கத்து நண்பர்கள் யாரும் இன்று பஸ்ஸில் வந்திருக்க மாட்டார்கள். (சிரிப்பு)

இன்னொன்று, குருந்தக்கல். அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும். அதிலே துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அது நம் தமிழ்ச் சொல்தான். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அது கிடைக்கிறது. அதே சித்தம்பூண்டியில் அனார்த்தொசைட் என்ற வெளிறிய பாறை இருக்கிறது. நிலாவின் மேட்டுப் பகுதிப் பாறையும் இதே வகை. சந்திரயான்-2 திட்டத்தில் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க இந்தக் கல்லைப் பொடித்துத்தான் நிலா மண் தயார் செய்தார்கள். "நிலாவைப் பத்தின படிப்பாடா?" என்று கேட்ட தாத்தா இன்று இருந்தால் நான் தலையாட்டியிருப்பேன்.

அண்ணன் கொடுத்த கல்

இனிமேல் நான் சொல்லப்போவது பாடம் இல்லை.

நம் துறையின் மியூசியத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. இரண்டாவது தட்டில் உள்ளங்கை அளவு குவார்ட்ஸ் படிகம் ஒன்று. ஆறு பட்டை, கூர்மையான நுனி, தண்ணீர்போல் தெளிவு. நேற்று மாலை போய்ப் பார்த்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது. கீழே அட்டையில் "குவார்ட்ஸ், சிலிக்கான் டை ஆக்சைடு" என்று எழுதி, கொடுத்தவர் என்று என் பெயர் போட்டிருக்கிறது. அதை எடுத்தவன் நான் இல்லை. என் அண்ணன்.

அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். எட்டாவதோடு நிறுத்திவிட்டு, 18 வயதில் வெங்கச்சாங்கல்லை அரைத்து மாவாக்குகிற மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கண்ணாடி, பீங்கான், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் அந்த மாவு வேண்டும். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், காதுமடல் எல்லாம் கோலமாவு பூசினதுபோல் வெள்ளையாக இருக்கும். அம்மா வாசலிலேயே தண்ணீர் வைத்திருப்பாள். அந்த மில் கூலியில்தான் இந்தக் கல்லூரிக்கு நான் ஃபீஸ் கட்டினேன்.

ஒருநாள் துண்டில் சுற்றி இந்தப் படிகத்தைக் கொண்டுவந்தான். "அரைக்கறதுக்கு மனசு வரலைடா. உங்க காலேஜுல காட்டு. நீ படிக்கறது இதைத்தானே?" என்றான். நான் பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தேன். பேராசிரியர் தட்டிக்கொடுத்தார்.

அந்த வருஷப் பரீட்சையில் குவார்ட்ஸ் பற்றி ஒரு கேள்வி. "வேதியியல் முறையில் மிக நிலையானது, எதனோடும் எளிதில் வினைபுரியாதது" என்று எழுதினேன். முழு மார்க் கிடைத்தது. எழுதியது தப்பும் இல்லை. பாறைக்கு அது சரிதான்.

1978-இல் எனக்கு வேலை கிடைத்து வெளிமாநிலம் போனேன். அதே வருஷம் அண்ணனுக்கு இருமல் ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். டி.பி. என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். முட்டை, பால் சாப்பிடச் சொன்னார்கள். 1980-இல் வேலைக்குப் போக முடியாமல் நின்றான். 1983-இல் இறந்துபோனான். அப்போது அவனுக்கு வயது 35.

மூன்று வருஷம் கழித்து, பணி நிமித்தமாகச் சுரங்க ஊர் ஒன்றில் தங்கியிருந்தேன். அங்கிருந்த டாக்டர் ஒருவர் பழக்கமானார். ஒருநாள் எக்ஸ்ரே படம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, "உங்க சப்ஜெக்ட்தான் சார் இது" என்றார். நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை முடிச்சுகள். எனக்குக் கை நடுங்கியது. அடுத்த லீவில் ஊருக்குப் போய், அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அண்ணனின் பழைய படத்தை எடுத்துவந்து காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவர் என்ன வேலை பார்த்தார்?"

ஐந்து வருஷ வைத்தியத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. மற்றவர்களை விடுங்கள். ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. வரை படித்து, குவார்ட்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின நானும் கேட்கவில்லை. அவன் தலையிலிருந்து உதிர்ந்த அந்த வெள்ளைப் பொடி எதனால் ஆனது என்று எனக்குத் தெரியும். அது அவன் மூச்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அந்த முடிச்சுகள் எப்படி வருகின்றன?

அந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். இங்கே நம் பாடத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

கடற்கரை மணலிலும் குவார்ட்ஸ்தான் இருக்கிறது. அதில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. மணல் பெரிது, மூச்சில் போகாது. ஆனால் அரைத்த தூசியில், தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. மூக்கு முடியும் சளியும் தடுக்காது. நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறைக்குப் போய்விடும். அங்கே நம் உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கும். கிருமியாக இருந்தால் செரித்துவிடும். இது எதனோடும் வினைபுரியாத கல். செரிக்க முடியாமல் அந்தச் செல் செத்து உடையும். உள்ளே இருந்த துகள் வெளியே வரும். அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். செத்த இடமெல்லாம் தழும்பாகி இறுகும். மில்லை விட்டு வந்த பிறகும் இது நிற்பதில்லை. அந்த நுரையீரலில் டி.பி.யும் எளிதாக வந்து சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஒன்றை மற்றொன்று என்று எண்ணிவிடுகிறார்கள். தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை கிடையாது.

நான் பரீட்சையில் எழுதிய "நிலையானது" என்ற குணத்தின் இன்னொரு பக்கம் இது.

இன்னும் ஒன்று. நெல் உமியை அளவான சூட்டில் எரித்தால் வரும் சாம்பலிலும் பெரும்பங்கு சிலிக்காதான். அதே சிலிக்கான், அதே ஆக்சிஜன். ஆனால் அடுக்கு ஒழுங்கில்லாதது. இந்த ஒழுங்கற்ற சிலிக்கா குவார்ட்ஸ் அளவுக்கு நுரையீரலைக் கெடுப்பதில்லை என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். குவார்ட்ஸிலும்கூட, அப்போதுதான் உடைத்த புதுத் தூசி பழைய தூசியைவிடக் கொடியது. உடைந்த முகப்பில் பிடி விட்ட அணுக்கள் வினைபுரியக் காத்திருக்கின்றன. ஆக, எங்கள் பேராசிரியர் ஐந்தாவதாக எழுதிய அந்த நிபந்தனை, அடுக்கு, தேர்வுக்கான வரி மட்டும் அல்ல. நெஞ்சுக்குள்ளும் அதுதான் வித்தியாசம் செய்கிறது.

சட்டத்துக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலிலேயே, டாக்டர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக சிலிக்கோசிஸ் இருந்தது. அண்ணன் பிறந்த வருஷமும் அதுதான். 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் மூச்சில் போகும் குவார்ட்ஸ் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

உங்களிடம் கேட்பது

இது பழைய கதை, இப்போது யார் கல் அரைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எம்-சாண்ட் கிரஷர் ஓடாத தாலுகா இல்லை. புது வீடு கட்டினால் சமையல் மேடைக்கு செயற்கைக் குவார்ட்ஸ் பலகை கேட்கிறோம். அதிலே 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் மாவுதான் என்று விற்பவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பலகையை அறுத்த தொழிலாளர்களுக்கு இளம் வயதிலேயே இந்த நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது.

உங்கள் வீட்டில் கல் அறுக்க வருபவர் வாயில் துண்டு கட்டியிருப்பார். அது போதாது. புளி வடிகட்டுகிற சல்லடையில் மைதாவைச் சலித்தால் நிற்குமா? தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். "தரை ஈரமாயிடும்" என்று தடுக்காதீர்கள். தூசி பிடிக்கிற சரியான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். என்ன கல் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் மார்பிள் நுரைக்கும். அது கால்சைட், அதில் பொதுவாகக் குவார்ட்ஸ் குறைவு. கிரானைட் நுரைக்காது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும்.

நம் சங்கத்தில் கிரஷர், குவாரி, டைல்ஸ் தொழில் நடத்தும் நண்பர்கள் இருக்கிறார்கள். இந்த விழாப் பந்தலுக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. குற்றம் சொல்ல நான் வரவில்லை. நான் படித்த படிப்பும் அந்தக் கூலியில் வந்ததுதான். கூடப் படித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அரைக்கும் இடத்தை மூடிப்போடுங்கள், தூசியை உறிஞ்சும் அமைப்பு வையுங்கள், தண்ணீர் தெளியுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களுக்கு எக்ஸ்ரே எடுங்கள். இந்த நோய்க்கு மருந்துதான் இல்லை, தடுக்க வழி இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, ஃபீல்டு டிரிப் போகும்போது சுத்தியலால் கல்லைத் தட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்தக் கல்லை உடைக்கிறவரையும் ஒரு நிமிஷம் பாருங்கள். எத்தனை வருஷமாக வேலை செய்கிறார், இருமல் உண்டா என்று கேளுங்கள். இதற்குப் பட்டம் வேண்டாம். உங்களில் டாக்டராகப் போகிறவர்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: இருமலோடு வருகிறவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்கட்டும்.

துறைத் தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் படிகத்தின் அட்டையை மாற்றி எழுத அனுமதி வேண்டும். புது அட்டை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். கொடுத்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது. கனிமத்தின் பெயர், சேர்மானம், கடினத்தன்மை எல்லாம் முன்புபோலவே. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: "இதன் தூசியைச் சுவாசிக்கக் கூடாது."

கல்லைப் பற்றிப் படிக்க என்னடா இருக்கிறது என்று கேட்ட தாத்தாவுக்கு, இவ்வளவு இருக்கிறது என்று இப்போது சொல்வேன்.